யூனிட்டார் வைத்த மீட்டர்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள்கூட அதன்மேல் இவ்வளவு பாசம் வைத்திருந்திருக்க மாட்டார்கள். பொழிச்சலூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் ஹவுஸ் ஓனரைத்தான் சொல்கிறேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் பால் பாக்கெட் போடுகிறவரிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எங்கள் தெரு முழுக்க அவர் 'யூனிட்டார்'தான். எதைப் பார்த்தாலும் இதற்கு எத்தனை யூனிட் ஆகும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே தாழப் பறக்கும். ஊர்க்காரர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இவர் மட்டும் பார்ப்பார். "உள்ள அத்தினி லைட்டு எரிஞ்சிகினு போவுதே, யாரு டீச்சரம்மா கட்றா?" என்று என்னிடம் கேட்பார். நான் பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வீடு பார்க்கப் போன அன்றே அவரைப் பற்றி எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். மற்ற ஓனர்கள் கேட்கும் கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன ஆட்கள், கறி மீன் சமைப்பீர்களா, எதுவும் இல்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டெஸ்டர் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "மிக்சி எத்தினி வாட்டு?" என்றார். பிறகு, "லைட்டு போட்டுகினு படிக்கிற பழக்கம் எதுனா கீதா?" என்றார்.

என் கணவர் வில்சன் கிண்டியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறவர். நல்ல மனிதர், ஆனால் எந்த இடத்தில் எதைச் சொல்லக் கூடாது என்று தெரியாது. பெருமையாக நிமிர்ந்து, "ஆமா சார், எங்க ரெண்டு பேருக்குமே நல்ல ரீடிங் ஹேபிட் உண்டு," என்றார். யூனிட்டார் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பகல்லதான் சார் படிப்போம்," என்று நான் சொல்லித்தான் அந்த வீடே எங்களுக்குக் கிடைத்தது.

குடிபோன பிறகுதான் அவருடைய முழுத் திறமையும் தெரிந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே ஃபேன் எந்த நம்பரில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். "டீச்சரம்மா, மூணுல வெச்சிக்கிறீங்க. மழக்காத்து அடிக்குதே, ரெண்டு போறாதா?" என்று ஜன்னல் வழியாகக் குரல் வரும். போய்ப் பார்த்தால் மூன்றில்தான் இருக்கும். காம்பவுண்டில் எந்த போர்ஷனுக்கும் காலிங் பெல் கிடையாது. கேட்டால், "மன்சனுக்குப் பேரு எதுக்கு வெச்சிக்கிறது? கூப்டத்தான?" என்பார். ஃப்ரிட்ஜை எப்படித் திறக்க வேண்டும் என்று எனக்குப் பாடமே நடத்தினார். "வெளியவே நின்னு இன்னா வேணும்னு முடிவு பண்ணிக்கணும். அப்பறம் தொறக்கணும். தொறந்து வெச்சிகினு யோசிக்கக் கூடாது." இன்று வரை நான் ஃப்ரிட்ஜ் முன்னால் ஒரு நிமிடம் கண்மூடி நின்றுவிட்டுத்தான் கதவைத் தொடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் ஜெபம் செய்வதாக நினைக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வில்சன் வாசலில் ஸ்டார் கட்டினார். யூனிட்டார் வந்து இடுப்பில் கைவைத்து வெகுநேரம் அதைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். "அழகா கீது சார். ஆனா நட்சத்திரம்னா மின்னணும் இல்ல? இது நிக்காம எரிஞ்சிகினே கீதே?" என்றார். வில்சனுக்கு அதில் ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டது. மறுநாளே அணைந்து அணைந்து எரிகிற பல்பு மாட்டினார். பாதி கரண்ட் மிச்சம் என்ற திருப்தியில் யூனிட்டார் எங்கள் வீட்டு கேக்கை இரண்டு துண்டு சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் கரண்ட் திருட்டுப் போனது.

காம்பவுண்டுக்கு மின்வாரிய மீட்டர் ஒன்றுதான். குடித்தனக்காரர்களுக்கும் தன் வீட்டுக்கும் உள்ளே தனித்தனியாக மீட்டர் போட்டிருந்தார். இந்த மீட்டர்களையெல்லாம் கூட்டினால் வாரிய மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு முறையும் வாரிய மீட்டர் பெரிதாகவே காட்டியது. "எங்கயோ ஒழுவுது டீச்சரம்மா," என்று அவர் சொன்னபோது, உடம்பில் ரத்தம் குறைகிறதென்று டாக்டர் சொல்லக் கேட்டவர் போல முகம் இருந்தது.

முதல் சந்தேகம் பாஸ்கர் மேல். பாஸ்கர் கடைசி போர்ஷனில் தனியாக இருந்த பையன், திருமுடிவாக்கத்தில் கிரில் கேட் செய்யும் ஒரு பட்டறையில் வேலை.

"டேய், வூட்டுக்குள்ள வெல்டிங் அடிக்கிறியா?"

"அண்ணா, அந்த ரூமுல நானு திரும்பிப் படுக்கவே எடம் இல்ல. வெல்டிங் அட்ச்சா மொதல்ல நான்தாண்ணா ஒட்டிக்குவேன்."

நம்பாமல் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் ஒரு கெட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தார், எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருகிற மாதிரி. பாஸ்கர் திட்டையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். அடுத்து எங்கள் வீடு. அயர்ன் பாக்சைக் கண்டதும் பாய்ந்துபோய் அடியில் கைவைத்தார். "அம்மாடி! சூடா கீது!" என்று விரலை உதறினார். வில்சன், "அயர்ன் பாக்ஸ் சூடாத்தான் சார் இருக்கும்," என்றார். அதை யூனிட்டார் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவே அவர் மனைவி சரோஜா அக்கா மட்டும் அசையவே மாட்டார். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன், எதற்கும் பதறாத முகம். "அந்த ஆளு கெடக்கறாரு, நீ வா டீச்சரு, தோச துன்னு," என்று என்னை உள்ளே இழுத்துக்கொள்வார். தோசை பிரமாதமாக இருக்கும். யூனிட்டாரே வாயைத் திறந்து பாராட்டுகிற ஒரே விஷயம் அந்தத் தோசைதான். "கட மாவு. வூட்ல கிரைண்டரு போட்டா இத்தினி யூனிட்டு ஆவும். கடக்காரன் கரண்ட்டுல அரைக்கறான், நாம துன்றோம்," என்று சட்னியைத் தொட்டுக்கொண்டே சிரிப்பார்.

அவருக்கு இன்னொரு மனக்குறை பக்கத்து வீட்டு லைட்.

அந்தப் பக்கத்து வீடு வேறு யாருடையதும் இல்லை, அவர் சொந்த அண்ணனுடையது. பொழிச்சலூரில் நெல் விளைந்த இடமெல்லாம் மனையான காலத்தில் அண்ணனும் தம்பியும் பிரிந்திருக்கிறார்கள். நடுவில் மதில் எழுப்பும்போது ஒரு சாண் நிலம் எந்தப் பக்கம் என்பதில் சண்டை. அதோடு பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் ரொம்ப நாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அந்த நாட்களில் பில் கட்ட ஆள் இல்லாமல் வீட்டுக் கனெக்‌ஷன் போய்விட்டது. பட்டா மட்டும் பிரிக்காமல் கூட்டாகவே கிடந்ததால், அண்ணி புதிதாகக் கனெக்‌ஷன் வாங்க வேண்டுமென்றால் கொழுந்தன் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் மூலம் சொல்லியனுப்பிக் கேட்டார்கள். "அந்த ஒரு சாணக் குடுக்கச் சொல்லு, போட்றேன்," என்று இவர் பதில் அனுப்பினார். அண்ணி மறுபடி கேட்கவில்லை.

ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் லைட் எரிந்தது. அதுதான் யூனிட்டாருக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலமானால் வாசலில் நின்று, "பாத்தீங்களா? என் கையெழுத்து இல்லாமலே எவனையோ புட்ச்சி லைன் வாங்கிக்கிறாங்க. எப்டி எரியுது பாருங்க! யாரு வூட்டுக் கரண்ட்டோ, யாரு துட்டோ!" என்று பொருமுவார். சரோஜா அக்கா உள்ளே ஏதாவது பாத்திரத்தை நழுவவிடுவார்.

திருடனைப் பிடிக்க முடியாமல் யூனிட்டார் இளைத்துப் போனார். அப்போதுதான் டை கட்டிய ஒரு பையன், ஒரு கம்பெனி பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், இது ஸ்மார்ட் மீட்டர். ப்ரீபெய்டு. செல்போன் மாதிரி ரீசார்ஜ் பண்ணணும். பேலன்ஸ் தீர்ந்தா தானா கட் ஆயிடும். யாராவது மூடியைத் திறந்தா உங்க போன்ல அலாரம் அடிக்கும். மெயின்ல தாய் மீட்டர், ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு பிள்ளை மீட்டர். நடுவுல யாராவது வயர் போட்டு இழுத்தா தாய்க்கும் பிள்ளைங்களுக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு போன்லயே காட்டிடும்."

யூனிட்டாருக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயும் புள்ளயும் கூட்டு சேந்துகினு ஏமாத்தாதா?" என்று மட்டும் கேட்டார்.

"மிஷின் சார். அதுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா ஒண்ணு, உங்க வீட்டுக்கும் ஒரு பிள்ளை மீட்டர் போட்டாதான் கணக்கு டேலி ஆகும்."

"போடுப்பா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்."

மீட்டர் வந்த அன்று அதற்குப் பூமாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார். சந்தனமும் குங்குமமும் நம்பர் தெரிகிற கண்ணாடி மேலேயே அப்பிவிட்டதால் முதல் நாள் எந்த மீட்டரும் எதையும் காட்டவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் வாழ்க்கை மாறியது. அதற்கு முன்பெல்லாம் காம்பவுண்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "சாப்ட்டாச்சா?" என்போம். இப்போது, "பேலன்ஸ் இருக்கா?" பாஸ்கர் டிரிம்மரால் மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது கட் ஆனது. அரை மீசையோடு பட்டறைக்குப் போய்விட்டு வந்தான். வில்சன் ஒருநாள் சாயங்காலம் போனை சார்ஜரில் மாட்டியபடியே ஆன்லைன் ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். போதகர் கண்களை மூடச் சொன்னார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் லைட்டும் இல்லை, சார்ஜ் இல்லாமல் போதகரும் இல்லை.

எல்லா மீட்டரின் எச்சரிக்கையும் யூனிட்டாரின் போனுக்குத்தான் வரும். அதில் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கத்தும். எப்படிச் சத்தத்தைக் குறைப்பது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. தெருக்கோடியில் ஒரு பெரியவர் இறந்து, பாடையைத் தூக்குகிற நேரம். எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறோம். யூனிட்டாரின் பையிலிருந்து கணீரென்று குரல் வந்தது: "டியர் கஸ்டமர், யுவர் பேலன்ஸ் ஈஸ் ஜீரோ!" தூக்கினவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தோளை மாற்றிக்கொண்டார். யூனிட்டார் போனைப் பார்த்து, "பாஸ்கருது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கம் சொன்னார்.

இந்த மீட்டரின் பெருமையைத் தெருவிலுள்ள மற்ற ஓனர்களும் அறிய வேண்டும் என்று நலச்சங்கத்துக்காரர்களைத் தன் வீட்டு ஹாலுக்கு அழைத்தார். டீ கொடுத்து, ஃபேனைப் போட்டு, டிவியையும் ஓடவிட்டு, வாடகை மைக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இது மன்சன் மாரி கெடையாது. மூஞ்சப் பாக்காது. சொந்தம் பந்தம் பாக்காது. நீ ராஜாவா இரு, மந்திரியா இரு, பேலன்ஸ் இல்லயா..."

டக். ஃபேன் நின்றது. டிவி போனது. மைக் போனது. அவர் வீட்டு பேலன்ஸ் தீர்ந்துவிட்டது. குடித்தனக்காரர்களைக் கவனித்துக்கொண்டிருந்ததில் தன்னுடையதை மறந்துவிட்டார்.

பிறகு சங்கத் தலைவர் எழுந்து கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். "பிரமாதம் சார்! டெமோன்னா இப்படி இல்ல இருக்கணும்!" யூனிட்டார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டு அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற சரோஜா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

ஆனால் அவர் எதிர்பார்த்த காரியம் மட்டும் நடக்கவில்லை. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் அப்படியே இருந்தது. தினமும் போனில் சிவப்பு எழுத்தில் வந்தது. "மிசினு புச்சு. பழகற வரிக்கும் அப்பிடித்தான் காட்டும்," என்றார் அக்கா. கம்பெனிப் பையன் வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "மீட்டரெல்லாம் கரெக்ட் சார். மெயினுக்கும் போர்ஷனுக்கும் நடுவுல யாரோ எடுக்கறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

யூனிட்டார் திட்டம் போட்டார். முன்கூட்டியே சொன்னால் திருடன் உஷாராகிவிடுவான் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா பம்மலுக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரம். எங்கள் எல்லோரையும் வெளியே கூப்பிட்டு நிறுத்தினார்.

"அவனவன் மெயின ஆஃப் பண்ணிட்டு வாங்க. மோட்டரும் ஆஃப். ஒண்ணும் ஓடக் கூடாது."

எல்லோரும் அணைத்துவிட்டு வந்தோம். பிள்ளை மீட்டர்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. தாய் மீட்டரில் மட்டும் சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"பாருங்க! நம்ப எல்லாரு வூடும் ஆஃப்ல கீது. இது மட்டும் ஓடுது பாருங்க! ரத்தம் சொட்டற மாரி கீதே!" பெரிய மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்தார். ஒரே இழுப்பு. சிவப்பு விளக்கு அணைந்தது.

அந்த நேரம் கேட்டைத் திறந்துகொண்டு சரோஜா அக்கா மீன் பையோடு உள்ளே நுழைந்தார். நாங்கள் எல்லோரும் கும்பலாக நிற்பதைப் பார்த்து நின்றார். மெயின் சுவிட்சில் கணவர் கை இருப்பதையும் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், தெருவே கேட்கும்படி வந்தது.

"சரோஜா! ஏய் சரோஜா! கரண்ட்டு பூடுச்சிடீ!"

யாரும் அசையவில்லை. பாஸ்கர் மட்டும் மெல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரை ஒட்டியே நகர்ந்து கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். வயர் போட்டுக் கொடுத்தது அவன்தான் என்று பிறகு தெரிந்தது. கெட்டிலுக்காகத் திட்டு வாங்கினபோதெல்லாம் அவன் ஏன் அவ்வளவு அடக்கமாக இருந்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"அண்ணி எதுக்கு உன்னக் கூப்புடறாங்க?" என்றார் யூனிட்டார்.

"கரண்ட்டு பூடுச்சாம்."

"அவங்க கரண்ட்டு பூட்ச்சினா உனக்கு இன்னா?"

அக்கா மீன் பையைக் கீழே வைத்தார். "அது அவங்க கரண்ட்டு இல்லய்யா. நம்ப கரண்ட்டு."

வானம் இடிந்து விழும் என்று நாங்கள் நின்றோம். யூனிட்டார் ஒன்றும் கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அப்போ, நானு டெய்லி திட்டிகினு இருந்தேனே, அந்த லைட்டு?"

"அதுவும்தான்."

"ஃபேனு?"

"அதுவும்."

"வேற?"

"கிரைண்டரு."

"கிரைண்டரா!" அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "கிரைண்டர்ல இன்னா அரைக்கறாங்க?"

"மாவுதான். அத வித்துதான துன்றாங்க. நீ டெய்லி கட மாவு கட மாவுன்னு நாலு தோச துன்றியே, அது எந்தக் கடைன்னு நென்ச்ச?"

அந்த அடியில்தான் மனிதர் நிலைகுலைந்தார். இத்தனை காலம் அவர் தேடிக்கொண்டிருந்த யூனிட்டில் பாதி அவர் வயிற்றுக்குள்ளேயே போயிருக்கிறது.

அக்கா அழவில்லை. கோபத்தில் மூச்சு வாங்கியது. "இன்னா பண்ணச் சொல்ற? உங்க அண்ணன் செத்துப் பூட்ட வூட்ல, அந்தம்மா இருட்டுல ஒண்டியா குந்திகினு கெடந்தாங்க. நீ கையெழுத்தும் போட மாட்ட. கேட்டா, சாணு மொழம்னு பேசுவ. சின்னப் புள்ளைலேர்ந்து உனக்கு சோறு போட்டவங்கய்யா அவங்க! திருடி வேணும்னா இங்கதான் நிக்கறேன். யாருகிட்ட சொல்றியோ சொல்லிக்க."

வில்சன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடி குரல் வந்தது. இந்த முறை கொஞ்சம் பதற்றமாக.

"சரோஜா! உளுந்து பாதில நிக்குதுடீ! இப்பிடியே வுட்டா கெட்டுப் பூடும்! எப்ப வரும்னு அந்த ஆளக் கேளு!"

யூனிட்டாரின் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது. அதைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். எங்களை மட்டும் பார்க்கவில்லை. பிறகு கைப்பிடியை மேலே தள்ளினார். அந்தப் பக்கம் கிரைண்டர் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"இன்னா வேடிக்க?" என்று எங்களைப் பார்த்து அதட்டினார். "உளுந்து இன்னா வெல விக்கிது, தெரியுமா? வீணாக்க முடியுமா?" விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் தோசையைத் தொடவில்லை. உப்புமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவிடம் பேச்சு இல்லை. என் ஃபேன் எந்த நம்பரில் ஓடுகிறது என்றுகூடச் சொல்லவில்லை. நானே கதவைத் திறந்து வைத்து நான்கில் ஓடவிட்டுப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. "லைன அறுத்துட்டாருன்னா நானு அண்ணி வூட்டுக்கே பூடுவேன் டீச்சரு," என்றார் அக்கா. விளையாட்டாகச் சொல்லவில்லை. துணி மடித்து வைத்திருந்த பையையும் காட்டினார்.

பிறகு ஒருநாள் மாலை, டை கட்டிய பையன் மறுபடி வந்தான். யூனிட்டார் அவனைக் கூட்டிக்கொண்டு கேட்டை விட்டு வெளியே போனார். தெருவில் இறங்கி, பக்கத்து கேட்டுக்குள் நுழைந்தார். அக்கா ஓடிவந்து என் சமையலறைக்குள் புகுந்தார். எங்கள் ஜன்னலிலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம் தெரியும், ஆனால் ஸ்டூல் வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஸ்டூலில் ஏறினோம்.

அண்ணி மெலிந்த உடம்பு. கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து, கையெல்லாம் மாவாக இருந்தார். எழுந்திருக்கவில்லை. கொழுந்தனைப் பெயர் சொல்லி, பின்னால் ஒரு 'டா'வும் போட்டுக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அது அந்த அம்மா மட்டும் கூப்பிட வேண்டிய பெயர்.

"இன்னாடா, புடுங்க வந்துட்டியா?"

"இல்ல அண்ணி. மீட்டரு வெக்க வந்தேன்."

"எதுக்கு?"

"கணக்கு இல்லாம வந்தா அதுக்குப் பேரு திருட்டு. கணக்கு வெச்சா திருட்டு இல்ல. நாளைக்கு ஒருத்தன் உங்கள ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது பாருங்க."

"துட்டு போடணுமாமே அதுக்கு. யாரு போடறது?"

யூனிட்டார் ஆகாயத்தைப் பார்த்தார். "அதெல்லாம் போன்லயே ஆயிடும்." பிறகு, "கையெழுத்தும் போட்டுத் தரேன் அண்ணி. உங்க பேருலயே தனியா லைன் வாங்கிக்கங்க. அந்த ஒரு சாணு வேற கேசு. அத நானு வுட மாட்டேன். ஆனா கையெழுத்து போட்டுத் தரேன்," என்றார்.

அண்ணி கையிலிருந்த மாவைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்துவிட்டார்.

"வேணாம்பா. தனியா லைனு வந்துட்ச்சினா அத்தோட நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்ட. இந்த மீட்டரையே வெய்யி. அப்பப்ப வந்து பாத்துட்டுப் போ."

என் பக்கத்தில் அக்கா முந்தானையில் மூக்கை உறிஞ்சினார். அவர் உடம்பு குலுங்கிய குலுங்கலில் ஸ்டூலின் கால் முறிந்தது. இரண்டு பேரும் பாத்திரங்கள் மேல் விழுந்தோம். "யாரு அங்க?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து யூனிட்டாரின் அதட்டல் கேட்டது. பழைய குரல். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு அக்கா சிரித்தார்.

அதன் பிறகு போனில் வித்தியாசம் காட்டவே இல்லை. தாயும் பிள்ளைகளும் ஒற்றுமையாகிவிட்டார்கள். அண்ணி வீட்டு மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று போனைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் யூனிட்டார் தினமும் காலையில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "போன நம்ப முடியாது டீச்சரம்மா. நேருல பாக்கணும்," என்பார். திரும்பி வரும்போது வேட்டியில் சட்னி சிந்தியிருக்கும். பாஸ்கருக்கும் மன்னிப்புக் கிடைத்தது. கெட்டில் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

நாங்கள் பெருங்களத்தூரில் ஃப்ளாட் வாங்கி வந்துவிட்டோம். போன மாதம் பம்மல் வரை போனவள், ஒரு எட்டு அவர்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பொழுது சாய்கிற நேரம். எல்லா போர்ஷனிலும் லைட் எரிந்தது. யூனிட்டார் வீடு மட்டும் இருட்டு. அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேல்சட்டை இல்லாமல், செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சார், பேலன்ஸ் தீர்ந்துபோச்சா?"

"ம். அங்க மொதல்ல போட்டுட்டேன். சாய்ங்காலம் மாவு அரைக்கிற நேரம் பாருங்க."

"சரி, இங்கயும் போட வேண்டியதுதானே?"

"போட்லாம், போட்லாம். இப்ப இன்னா அவசரம்? காத்து ஜில்லுனு வருதே, தெரில?"

முருங்கை மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. என் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. நான் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆமா சார்," என்றேன். "நல்ல காத்து."